கோட்டுக்குக் கம்பளி வேண்டுமா? முதலில் ஆட்டைக் கேளுங்கள்

திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரைகளிலும் அறுவடை முடிந்த நெல் வயல்களிலும் மேயும் செந்நிறச் செம்மறியாட்டை அறியாதவர் இல்லை. 'சென்னைச் சிவப்பு' என்பது கால்நடைத் துறையினர் அதற்கு வழங்கும் பெயர். இறைச்சிக்கும் தோலுக்கும் நல்ல ஆடு. கிடை போட்டால் நிலத்துக்கு எருவும் கிடைக்கும். ஆனால் அதன் உடம்பில் இருப்பது குட்டை மயிர்; கம்பளி அல்ல. அதை நூலாகத் திரிக்க முடியாது.

'இவ்வளவு செம்மறியாடு இருக்கும்போது கம்பளித் துணிக்கு ஏன் வடக்கே போக வேண்டும்?' என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். செம்மறியாடு எல்லாமே கம்பளி ஆடு அல்ல.

வெயில் கொளுத்தும் இந்த மாவட்டத்தில் கனத்த கம்பளிக் கோட்டு யாருக்கு என்று தோன்றலாம். உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோருக்கும், வடநாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் குளிர்காலத்தில் செல்வோருக்கும் அது தேவை என்பது தெரிந்ததே. தெரியாத தேவை ஒன்று கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. அங்குள்ள தொழிற்பேட்டை வட்டாரத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள் இயங்குகின்றன. கம்பளி தீப்பற்ற சுமார் 570 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பற்றினாலும், நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணையும். பாலியஸ்டர், நைலான் துணிகளைப் போல உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளாது. மேல்நாட்டு வார்ப்படச் சாலைகளில் உலை முன் நிற்பவர்களுக்குக் கனத்த கம்பளிக் கோட்டு வழங்கும் வழக்கம் உண்டானது இதனால்தான்.

ஆகவே தேவை இருக்கிறது. சரக்கு எங்கே என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டுக் கம்பளி

நம் மாநிலத்தில் கம்பளி தரும் செம்மறி இனங்கள் மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது நீலகிரி ஆடு. உள்ளூர் ஆட்டுடன் டாஸ்மேனியா மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்கள் கலந்து, 19ஆம் நூற்றாண்டில் மலையிலேயே உருவான இனம் இது. இதன் கம்பளி மெல்லியது. கோட்டுத் துணிக்கு ஏற்றது. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கிப் போனதால் இந்த இனத்தின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாடு ஆராய்ச்சி நிலையம் இதைக் காத்து வருகிறது.

மற்ற இரண்டும் திருச்சி கருப்பு ஆடும், குரும்பை என்னும் கோயம்புத்தூர் ஆடும் ஆகும். இவற்றின் கம்பளி முரடு. மெரினோ கம்பளி இழையின் பருமன் 20 மைக்ரானை ஒட்டி இருக்க, இவற்றின் இழை 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். இடையே வெறும் மயிரும் கலந்திருக்கும். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு கிலோகூடக் கிடைக்காது. இந்தக் கம்பளியைத்தான் குரும்பர்கள் தலைமுறை தலைமுறையாக நூற்று, புளியங்கொட்டைப் பசையூட்டிக் கம்பளமாக நெய்து வந்தார்கள். மழையையும் பனியையும் தாங்கிக்கொண்டு இடையன் வயலில் படுத்துறங்கியது அந்தக் கம்பளிக்குள்தான்.

இன்று அந்தக் கம்பளிக்கு விலை இல்லை. கத்தரிக்கும் கூலிக்கே கட்டவில்லை என்று பல இடங்களில் அதை எறிந்துவிடுகிறார்கள். இறைச்சிக்கு விலை ஏறவே, மயிர் இனக் கிடாக்களை மந்தையில் விடுகிறார்கள். ஆடு வளர்ப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. கம்பளியை வாங்க ஆள் வராதபோது அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் இன்னும் சில தலைமுறை ஆடுகள் இப்படிக் கலந்தால், பிறகு யார் விலை கொடுத்தாலும் அந்தக் கம்பளி கிடைக்காது.

அசலை அறிவது எப்படி?

கடையில் 'கம்பளி' என்று சீட்டு ஒட்டியிருப்பதெல்லாம் கம்பளி ஆகிவிடாது. துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வந்து, கறுத்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. நெடுக்கு இழை, குறுக்கு இழை இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்றில் பருத்தியும் மற்றொன்றில் கம்பளியும் வைத்து நெய்வது உண்டு.

பழந்துணியைக் கிழித்து மீண்டும் நூற்ற கம்பளியை நெருப்பு காட்டிக் கொடுக்காது. ஹரியானாவின் பானிபட் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். குறைந்த விலைப் போர்வைக்கு அது தகும். பல ஆண்டு உழைக்க வேண்டிய கோட்டுக்குத் தகாது. நூலின் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். இழைகள் குட்டை குட்டையாக இருந்து, இழுத்தவுடன் அறுந்தால் அது மறுநூல் என்று சந்தேகிக்கலாம்.

எடையையும் பார்க்க வேண்டும். கனத்த கோட்டுத் துணி சதுர மீட்டருக்கு 500 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதாவது ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் வெட்டினால் முக்கால் கிலோ நிற்க வேண்டும். அந்தக் கனம் பசையால் வந்ததா, இழையால் வந்ததா என்று ஒரு துண்டைக் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல கோட்டுத் துணியை நெய்தபின் வெந்நீரிலும் சோப்பிலும் இட்டு மிதித்தோ அடித்தோ சுருங்க வைக்கிறார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காற்றுப் புகாத துணியாகிறது. வெட்டிய விளிம்பு எளிதில் பிரியாது.

செய்ய வேண்டியது

இன்றைக்கே துணி வேண்டும் என்பவர்கள் இமாச்சலப் பிரதேசம், காஷ்மீர் மலைநாட்டுக் கைத்தறி 'பட்டு' துணியைத் தேடலாம். அது நம் பட்டுப் புடவைப் பட்டு அல்ல. தடித்த கம்பளித் துணிக்கு அங்கு வழங்கும் பெயர்.

ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் துணியைப் பாருங்கள். தீவிலேயே சாயமிட்டு, நூற்று, தீவுவாசி தன் வீட்டில் நெய்த புதுக் கம்பளித் துணிக்கு மட்டுமே அந்தப் பெயர் என்று 1993ல் பிரிட்டனில் சட்டமே செய்தார்கள். துணி எந்த ஊரில், யார் கையால் ஆனது என்று சொன்னதால் அதற்கு விலை நின்றது.

நம் முரட்டுக் கம்பளியை மெல்லிய கோட்டுத் துணி என்று விற்க முயல்வது ஏமாற்று வேலை. அதற்கு உரிய இடங்கள் வேறு: கனத்த போர்வை, கம்பளி விரிப்பு, கோட்டின் மார்புக்குள் வைத்துத் தைக்கும் விறைப்பான கேன்வாஸ். நன்றாகச் சுருக்கி, ஆய்வுக்கூடச் சோதனையில் தேறினால், உலைத் தொழிலாளரின் மேலங்கிக்கும் அதைப் பரிசீலிக்கலாம். சோதிக்காமல் யாருக்கும் அணிவிக்கக் கூடாது.

இதற்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. கத்தரிக்கும் பருவத்தில் கறுப்பு வேறு, வெள்ளை வேறு எனத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ற விலையை ரொக்கமாகக் கொடுக்கும் கொள்முதல் முதலில் வேண்டும். அடுத்து, துணியைச் சுருக்கும் எந்திரம் ஒன்று போதும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. யோசனைக்கு வெகுதூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி ஆலைகள் சேர்ந்து ஒரு சிறு ஆர்டர் கொடுத்தால் சோதனைத் துணிக்கு வழி பிறக்கும்.

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் இதைக் கேட்டுக் கம்பளி ஆடு வாங்க ஓட வேண்டாம். கடலோரப் புழுக்கத்துக்கும் ஈரத்துக்கும் மயிர் ஆடே தகும். சென்னைச் சிவப்பில் நல்ல கிடாவைத் தேர்ந்து இனத்தைக் காப்பதே அவர்களுக்கு லாபம். கம்பளி ஆடு வளர்க்கும் மாவட்டத்தாரும் தம் மந்தையில் ஒரு பகுதியையாவது கலப்பின்றி வைத்திருக்க வேண்டும். வாங்குபவர் வரும் நாளில் ஆடு இருக்க வேண்டும் அல்லவா?