சுவர் காயட்டும், பிறகு பெயிண்ட்

மூணாறில் ஆடி மழை சற்று ஓய்ந்ததும் வால்பேப்பர் ஒட்டிய வீடுகளில் முதலில் காட்டிக்கொடுப்பது தாளும் தாளும் சேரும் ஓரம்தான். லேசாக மேலெழும்பி நிற்கும். விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் பின்பக்கம் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள், பூட்டிக் கிடந்த டிரங்குப் பெட்டியின் வாடை. பெயிண்டரைக் கூப்பிட்டால், "தாள் கெட்டியாத்தானே இருக்கு, மேலேயே ரெண்டு கோட் அடிச்சிடலாம்" என்கிறார். கூலி மிச்சம் என்று வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுகிறார்.

அடுத்த மழைக்குள் பெயிண்டும் தாளும் சேர்ந்தே உரிந்து வரும். கடைகளில் விற்பவை பெரும்பாலும் வினைல் தாள்கள்: மேலே பிளாஸ்டிக் படலம், கீழே காகிதம். மலைநாட்டு வெளிச்சுவர் மாதக்கணக்கில் மழையைக் குடிக்கிறது. அந்த ஈரம் உள்பக்கமாகவாவது ஆவியாக வேண்டும். பிளாஸ்டிக் அதை மறித்துவிடுகிறது. போதாததற்குப் பசை பல நேரம் மாவுப்பொருள்; பூசணத்துக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஆர்சனிக் கலந்த பச்சைத் தாள் ஒட்டிய அறைகளில் குடியிருந்தவர்கள் நோயில் விழுந்தார்கள். அந்த நிறமியில் வளரும் பூசணம் நச்சு வாயுவை வெளிவிடுகிறது என்று 1890களில் கண்டறிந்தவர் இத்தாலியரான பார்த்தலோமியோ கோசியோ. அந்தப் பச்சை இன்று வழக்கில் இல்லை. ஈரமும் பசையும் பூசணமும் கூடிக்கொள்ளும் விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே தாளை எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். சுவரில் தண்ணீர் தெளிக்கப் போகிறோம். சுவிட்சுப் பெட்டியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்க ஒரு கை தண்ணீர் போதும். வினைல் படலத்தை ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, சுவரோடு ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் பாய் சுருட்டுவதுபோல வந்துவிடும். பின்னால் தங்கும் காகிதத்துக்குத்தான் பொறுமை வேண்டும். வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் கூழாகக் கழன்றுவிடும். கழலவில்லையா, இன்னும் ஊறவில்லை என்று பொருள். பலத்தைக் காட்டினால் காகிதத்தோடு பூச்சும் பெயர்ந்து, பட்டிச் செலவு தாள் வாங்கிய செலவைத் தாண்டிவிடும்.

பசை போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஈரக்கையால் தடவினால் வழவழப்பு தட்டும். இன்னும் உறுதியாகத் தெரிய, பள்ளியில் உருளைக்கிழங்கின் மேல் விட்டுப் பார்த்தோமே, அதே அயோடின் கரைசல் ஒரு சொட்டு. கருநீலமானால் மாவுப்பசை மிச்சம் இருக்கிறது. செங்கல் டிசைனில் வரும் நுரை ஸ்டிக்கருக்கு இந்த வைத்தியம் பலிக்காது, அதன் பசை தண்ணீருக்கு அசையாது. முடி உலர்த்தும் டிரையரால் இளஞ்சூடு காட்டி உரிக்கலாம். அப்போதும் பழைய பெயிண்டைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான் வரும்.

தோட்டத்து லயங்களில் கதை வேறு. செய்தித்தாளையும் காலண்டர் படத்தையும் மைதாப் பசையால் ஒட்டிய சுவர்கள் அவை. தண்ணீர் பட்டதுமே தாள் வந்துவிடும். கீழே இருக்கும் வெள்ளையும் கூடவே வரும், அதுவும் நல்லதற்குத்தான். கல்பாத்தி அக்ரஹாரம் போன்ற இடங்களின் பழைய சுண்ணாம்புச் சுவரிலோ தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றினால் போதும். அந்தச் சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்பே பொருத்தம். அது ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். பொடி உதிரும் சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் அடித்தால் அப்பளம்போல் பொரிந்து எழும்பும்.

தாளைவிடக் கவனிக்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் பழைய எண்ணெய்ப் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபளப்பான மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசி தரையில் படியும், தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம். இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். நெருப்பு காட்டி உரிப்பது அதைவிட மோசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வேலை செய்பவர் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். விளக்குமாற்றை எடுக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பூசணத்துக்கு 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்கப் பழகிப்போன பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு அதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கூரை ஒழுகலை நிறுத்தாமல் பூசணத்தை மட்டும் துடைத்தால் அது அதே இடத்தில் திரும்ப வரும்.

பிறகு காத்திருப்பு. பாலக்காட்டுக் கணவாயில் விருச்சிகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் சுவர் சில நாளில் உலர்ந்துவிடும். தேவிகுளம், பீர்மேடு பக்கம் வாரங்கள் ஆகும். தை, மாசிக்குத் தள்ளிப்போடுவது உத்தமம். ஒரு முழம் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பிரைமர் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

உரித்த வினைலைச் சருகோடு போட்டுக் கொளுத்தும் பழக்கம் இருக்கிறது. எரிந்தால் அது அமிலப் புகை. மூட்டையாகக் கட்டி வைத்து, வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வரும்போது எந்த நாளில் எடுப்பார்கள் என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.