சன்ஸ்கிரீனில் இருப்பது என்ன?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்துப் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்கு வெயிற்காப்பு அவசியம். பூசும் களிம்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பெற்றோர் அறிவதும் அதேயளவு அவசியம்.

பல சன்ஸ்கிரீன்களில் உள்ள ஒக்சிபென்சோன் என்னும் இரசாயனம் தோலைக் கடந்து இரத்தத்தில் கலப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2019, 2020 ஆய்வுகள் காட்டின. ஆய்வுகூடச் சோதனைகளில் அது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹோர்மோனைப் போலச் சிறிதளவு செயற்படுகிறது. பருவமடையும் வயதில் மூளையின் ஹைப்போதலமசும் பிட்யூட்டரியும் அனுப்பும் ஹோர்மோன் சைகைகளே உடல் வளர்ச்சியை நடத்துகின்றன; ஹோர்மோனைப் போலச் செயற்படும் பொருள் கவலை தருவது அதனால்தான். பிள்ளைகளுக்குத் தீங்கு உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், உடலில் பூசும் சன்ஸ்கிரீனில் இதன் உச்ச அளவை 2.2 சதவீதமாகக் குறைத்தது. கலிபோர்னியாவில் 100 பதின்ம வயதுச் சிறுமியர் மூன்றே நாட்கள் இது சேராத மாற்றுப் பொருட்களைப் பாவித்தபோது, சிறுநீரில் இதன் அளவு 36 சதவீதம் குறைந்ததாக 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பயந்துபோய் வெயிலில் வாட வேண்டியதில்லை. தொப்பி, குடை, முழுக்கைச் சட்டை முதலில். பூசுவதானால் ஒக்சிபென்சோனுக்குப் பதிலாகத் துத்தநாக ஒக்சைட்டு உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். சேர்மானங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அச்சிடுவதைச் சுகாதார அமைச்சும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் கட்டாயமாக்க வேண்டும். வாசிக்க முடியாத சிட்டை எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது.