சோப்புக் குமிழியும் ரெக்கார்டு நோட்டும்

பரப்பு இழுவிசை சோதனையை நம்மில் எத்தனை பேர் உண்மையாகச் செய்தோம்? நானும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதியவன்தான்.

லீவில் தங்கச்சிக்காகப் பெரிய சோப்புக் குமிழி விட ஒரு கருவி செய்தேன். இரண்டு மூங்கில் குச்சி. அவற்றின் நுனிகளுக்கிடையே மேலே குட்டையாக ஒரு கயிறு, கீழே நீளமாக ஒரு கயிறு. கீழ்க்கயிற்றின் நடுவில் ஒரு வாஷர். அவ்வளவுதான்!

முதலில் நைலான் கயிறு. சோப்புத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. பருத்திக் கயிறு குடித்தது. மத்தியான வெயிலில் நீர் ஆவியாகிப் படலம் பட்டென்று உடைந்தது. மழை விட்ட சாயங்காலம், கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, குச்சிகளை விரித்தபடி மெதுவாகப் பின்னால் நடந்தேன். பூசணிக்காயைவிடப் பெரிய குமிழி வாசலைத் தாண்டிப் போனது!

"படிக்கிற புள்ள பண்ற வேலையாடா இது?" என்றார் அப்பா. இதுதான்பா படிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கக் கூரையில் பங்குகொண்ட ஃப்ரை ஓட்டோ, சோப்புப் படலங்களை வைத்தே கூரை வடிவங்களை ஆராய்ந்தவர்.

காப்பியடித்த சரியான ரீடிங்கைவிட, நம் கையால் எடுத்த தப்பான ரீடிங்கே மேல் என்பது என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?