அழவைக்கும் செய்தி வந்தால்

சென்ற ஞாயிறு கராமாவில் ஒரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கார அக்காவின் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. இரத்தம் தோய்ந்த ஒரு குழந்தை. கீழே, "நீ தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு". ஊரும் இல்லை, திகதியும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. அக்கா அழுதபடியே அனுப்பப் போனார். சற்றுப் பொறுங்கள் என்றோம். "உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ?" என்று கேட்டுவிட்டார். எமக்குச் சுருக்கென்றது.

இந்த வளைகுடாக் கதை ஒன்றைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னோம்.

1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கே வேலை செய்த எம்மவர் பலர் உடுத்த உடுப்போடு யோர்தானுக்கு ஓடினார்கள். ஒக்ரோபர் 10 ஆம் திகதி, வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சிலரின் மனித உரிமைக் குழு முன் 15 வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். நயிரா என்று மட்டுமே பெயர் சொல்லப்பட்டது. ஈராக்கியப் படையினர் குவைத் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளை இன்கியுபேற்றரில் இருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதைத் தான் கண்டதாக அழுதழுது சொன்னாள். அது முறையான காங்கிரஸ் குழு அல்ல. ஆகவே சத்தியப்பிரமாணமும் இல்லை. ஜனாதிபதி புஷ் அக்கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1991 ஜனவரி 12 இல் செனட் சபை போருக்கு 52க்கு 47 என்று சம்மதித்தது. அந்த விவாதத்திலும் இக்குழந்தைகள் பேசப்பட்டார்கள்.

1992 ஜனவரியில்தான் உண்மை வெளிவந்தது. சிறுமி, அமெரிக்காவில் இருந்த குவைத் தூதுவரின் மகள். ஏற்பாடு செய்தது, குவைத் அரசின் பணத்தில் இயங்கிய அமைப்பொன்றுக்காக வேலை செய்த ஹில் அன்ட் நோல்ட்டன் என்ற பிரசார நிறுவனம். இன்கியுபேற்றர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆக்கிரமிப்பு பொய்யல்ல. கொலையும் சித்திரவதையும் பொய்யல்ல. நியாயமான வழக்குக்கே பொய்ச்சாட்சி சேர்த்தார்கள்! எமது பக்கமும் அப்படிச் செய்யலாம் என்று ஒப்புக்கொள்ள எமக்கும் கஷ்டந்தான். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்ததைப் பாருங்கள். குழந்தை, அழுகிற சிறுமி, முழுப்பெயர் இல்லை. "நீ யார், உன் தகப்பன் யார்?" என்று எவரும் கேட்க வாய் வராது. கேட்டால் கல்நெஞ்சன். அக்கா எம்மைக் கேட்டதும் அதையேதான்.

வதந்தியின் விலையை அகதிகளான எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 யூலை 29 இல் கொழும்புக்குப் புலிகள் வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. அன்று மறுபடியும் தமிழர் வெட்டப்பட்டார்கள்.

இன்னொன்று, புதிதாக வந்தவர்களுக்கு. இங்கே 2022 ஜனவரியில் இருந்து நடைமுறையில் உள்ள வதந்தி, இணையக் குற்றச் சட்டப்படி பொய்ச்செய்தி பரப்பினால் குறைந்தது ஒரு வருடச் சிறையும் ஒரு இலட்சம் திர்ஹாம் தண்டமும். எழுதியவருக்கு மட்டுமல்ல, பரப்பியவருக்கும். உரிமம் இல்லாமல் நிதி சேர்ப்பதும் குற்றம். படத்தோடு வங்கிக் கணக்கு இலக்கமும் வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அக்காவின் மூத்த மகன் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தான். வேறு நாட்டில், பல வருடங்களுக்கு முன் எடுத்த படம். குழந்தை மெய்தான், இரத்தமும் மெய்தான்.

"அப்ப எங்கட பிள்ளையளின்ர படத்தையும் ஆரும் இப்பிடித் தங்கட கதைக்குப் பாவிப்பினமோ?" என்று அக்கா கேட்டார்.

பாவித்திருக்கிறார்கள் என்றோம்.