வானத்துக்குச் சுவர் ஏது?

'ட்ரோன் சுவர்' என்று ஒரு சொல்லை ஐரோப்பிய அரசியல்வாதிகள் உண்டாக்கியிருக்கிறார்கள். எனக்குச் சொற்களோடுதான் பிழைப்பு. ஒரு சொல் காதில் விழுந்தால், அதைச் சொன்னவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை. சுவர் என்பது பூமிக்கு உரிய பொருள். இது என் மனை, அது உன் மனை என்று பிரித்துக் கொள்வதற்கு மனிதன் கண்டுபிடித்தது. ஆகாயத்திலே சுவர் எழுப்பப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், அவர் இன்னமும் தம்முடைய மனையைப் பற்றித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆளில்லாமல் பறந்து வரும் இந்தச் சின்ன விமானங்களின் முன்னே ஐரோப்பா தடுமாறுவதற்குக் காரணம் பணக் குறைவும் அல்ல, விஞ்ஞானக் குறைவும் அல்ல. இந்த மனைப் புத்திதான் என்பது என் கட்சி.

"கதை எழுதுகிறவருக்கு ராணுவ விவகாரம் எதற்கு?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக் கூடும். பீரங்கியைப் பற்றி நான் எழுத வரவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லையில் திருடன் இறங்குவதைப் பார்த்துவிட்டவன் குரல் கொடுக்கிறானா, போர்வையை இழுத்து மூடிக் கொள்கிறானா என்பதைப் பற்றி எழுதுகிறேன். அது கதாசிரியனுக்கு உரிய விஷயந்தானே!

2022 மார்ச் 10-ம் தேதி இரவு. உக்ரேன் யுத்தம் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து, சோவியத் காலத்து ஆளில்லா விமானம் ஒன்று – டி.யு. 141 என்று பெயர் – வழி தப்பிக் கிளம்பியது. சின்னப் பொம்மை அல்ல. ஐந்தாறு டன் கனம் உள்ள ஜெட் விமானம். ருமேனியாவின் மூலையைச் சில நிமிஷங்களில் தாண்டியது. பிறகு ஹங்கேரி முழுவதையும் சுமார் 40 நிமிஷம் சாவகாசமாகக் கடந்தது. அப்புறம் குரோஷியாவுக்குள் புகுந்து, தலைநகரான ஸாக்ரெப்பில் மாணவர் விடுதி ஒன்றுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தது. நிறுத்தியிருந்த மோட்டார் கார்கள் சுமார் 40 சேதமாயின. உயிர்ச் சேதம் இல்லை. அது யாருடைய சாமர்த்தியமும் அல்ல. விழுந்த கருவியில் வெடிகுண்டு இருந்தது என்று குரோஷிய அதிகாரிகள் சொன்னார்கள்.

மூன்று நாடுகளும் நேட்டோவின் அங்கத்தினர்கள். மூன்றும் ஐரோப்பிய யூனியனின் உறுப்பினர்கள். விமானம் போன பாதையைத் தங்களுடைய ரேடார்கள் கவனித்துக் கொண்டுதான் இருந்தன என்று நேட்டோவே பின்னால் அறிவித்தது. நன்றாகக் கவனித்தார்கள்! நேட்டோ சரியாகச் செயற்படவில்லை என்று குரோஷியப் பிரதமர் பிளென்கோவிச் வாய் விட்டே குறைப்பட்டுக் கொண்டார். ஆயுதம் இல்லாமல் நேர்ந்த காரியமா இது? கண் இல்லாமல் நேர்ந்த காரியமா? இல்லை. கண் பார்த்தது, வாய் திறக்கவில்லை. திறந்த வாய் எங்கேயாவது இருந்திருந்தாலும், கேட்டவுடனே கை நீட்டும் அதிகாரம் எவரிடமும் இல்லை.

இந்த ஒரு சம்பவத்திலேயே பாடம் முழுவதும் இருந்தது. பாடம் படித்தார்களா?

மூன்றரை வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 9-ம் தேதி இரவும் மறுநாள் விடியற்காலையிலுமாக, சுமார் 20 ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் நுழைந்தன. பல, தெர்மோகோல் போன்ற நுரைப் பொருளாலும் ஒட்டுப் பலகையாலும் செய்த 'கெர்பெரா' என்ற ஏமாற்றுக் கருவிகள். அவற்றைத் துரத்த எதை அனுப்பினார்கள்? நெதர்லாந்தின் எஃப்-35, போலந்தின் எஃப்-16. இத்தாலியின் வேவு விமானம் மேலே சுற்றியது. ஜெர்மனியின் பேட்ரியட் ரேடார்கள் கீழே விழித்திருந்தன. சிலவற்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். நாலு தேசங்கள் ஒன்று கூடி நின்ற காட்சி அது என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழட்டும், ஒன்று கூடியது மெய்தான். ஆனால் வைரிகி என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் கூரை பெயர்ந்து போயிற்றே, அதைச் செய்தது ட்ரோன் அல்லவென்றும், துரத்திப் போன போலந்து விமானம் விட்ட ஏவுகணையாகவே இருக்க வேண்டுமென்றும் அந்த நாட்டு மந்திரி ஒருவரே பிறகு சொல்லும்படி ஆயிற்று. எலியை அடிக்கப் போய் வீட்டுக் கூரையை இடித்த கதை என்பார்களே, இது உவமையே அல்ல, நடந்த சம்பவம்!

கணக்கையும் பாருங்கள். ஷாஹெட் என்ற தாக்கும் ட்ரோனின் விலை, மதிப்பிடுகிறவரைப் பொறுத்து, 20,000 முதல் 50,000 டாலர். பேட்ரியட் ஏவுகணை ஒன்று சுமார் 40 லட்சம் டாலர். இந்த வியாபாரத்தில் ஜெயிக்கிறவன் முதலில் திவாலாவான்.

உக்ரேனியர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு வேறு வழி இல்லை; ஆகவே மூளையைச் செலவழித்தார்கள். கம்பங்களில் மைக்ரோபோன்களைக் கட்டி நாடெங்கும் நட்டார்கள். ட்ரோனின் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, அது எந்தத் திசையில் போகிறது என்று சொல்லும் ஏற்பாடு. சுமார் 10,000 காதுகள். காது ஒன்றுக்கு 400, 500 டாலர். மொத்தச் செலவு இரண்டு பேட்ரியட் ஏவுகணைகளின் விலைக்கு உள்ளே அடங்கிவிட்டது. சேதி வந்ததும், சிறு லாரிகளில் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருக்கும் ஆட்கள் பாய்கிறார்கள். இப்போது சில ஆயிரம் டாலரில், ட்ரோனையே துரத்தி மோதும் ட்ரோன்களும் அவர்களிடம் உண்டு. ஆனால் அத்தனைக்கும் அடிப்படை அந்தக் காதுதான். ஒரு கிராமத்துக் கம்பத்தின் காது கேட்டது அடுத்த ஜில்லாவின் துப்பாக்கிக்கு அந்த நிமிஷமே தெரிகிறது. ஒரே தேசம், ஆகையால் தெரிகிறது.

இதையே இருபது, முப்பது தேசங்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்றால் வருகிறது சிக்கல். 2024 மே மாதத்திலேயே, எல்லையில் இருக்கும் ஆறு நாடுகள் – நார்வே, ஃபின்லாந்து, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, போலந்து – தாங்கள் சேர்ந்து ட்ரோன் காவல் அமைக்கப் போவதாகச் சொல்லின. அதில் எஸ்தோனியாவும் லிதுவேனியாவும் ப்ரஸ்ஸல்ஸ் கதவைத் தட்டி 1 கோடியே 20 லட்சம் யூரோ கேட்டன. 2025-ன் முற்பகுதியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதே வருஷம் மே மாதம், ஆயுதம் வாங்குவதற்கு 15,000 கோடி யூரோ வரை கடன் கொடுக்கும் திட்டத்தை ஐரோப்பிய யூனியன் நிறைவேற்றியது. செப்டம்பரில், ட்ரோன்கள் போலந்துக்குள் வந்த அதே நாள் காலையில், ஐரோப்பியக் கமிஷன் தலைவி ஃபான் டெர் லெயன் அம்மையார் பாராளுமன்றத்தில் எழுந்து, ட்ரோன் சுவர் வேண்டும் என்று முழங்கினார். வாசற்படிக்கு வந்த சின்ன வீட்டுக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவன் சொன்னதையே மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது என்பது இதுதான்.

அதன் பிறகாவது ஓடினார்களா? கோபன்ஹேகன் விமான நிலையம் செப்டம்பர் 22-ம் தேதி இரவு சுமார் நாலு மணி நேரம் மூடிக் கிடந்தது. ம்யூனிக்கில் அக்டோபர் 2-ம் தேதி இரவு 17 விமானங்கள் ரத்தாகி, ஏறக்குறைய 3,000 பேர் அவதிப்பட்டார்கள். நடுவில் அக்டோபர் 1-ம் தேதி அதே கோபன்ஹேகனில் தலைவர்கள் மாநாடு. அங்கே என்ன பேச்சு? மாக்ரோன் தமக்கு இந்தச் சொல்லிலேயே எச்சரிக்கை உண்டு என்றார். சொல்லைப் பற்றி அவரும் நானும் ஒரே கட்சி, காரணந்தான் வேறு. ஜெர்மன் ராணுவ மந்திரி பிஸ்டோரியஸ், இது அடுத்த மூன்று நாலு வருஷத்தில் ஆகிற காரியம் இல்லை என்று முன்பே கையை விரித்திருந்தார். தெற்கத்திய நாடுகளோ, எல்லாம் கிழக்கு எல்லைக்குத்தானா, எங்களுக்கு ஒன்றும் கிடையாதா என்றன. அடியில் ஓடிய கேள்வி ஒன்றே: சாவிக் கொத்து யார் இடுப்பில் இருப்பது? ப்ரஸ்ஸல்ஸிடம் பணப்பெட்டி இருக்கிறது, படை இல்லை. நேட்டோவிடம் படை இருக்கிறது. ஆனால் பிரிட்டனும் நார்வேயும் துருக்கியும் அந்த வீட்டில் உண்டு, இந்த வீட்டில் இல்லை. ஆஸ்திரியாவும் அயர்லாந்தும் இந்த வீட்டில் உண்டு, அந்த வீட்டில் இல்லை. கடைசியில் அக்டோபர் 16-ம் தேதி 'சுவர்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'ஐரோப்பிய ட்ரோன் பாதுகாப்பு முயற்சி' என்று புதுப் பெயர் வைத்தார்கள். 2026 கடைசியில் தொடக்கம், 2027 கடைசியில் பூர்த்தி என்று தேதியும் குறித்தார்கள். பிள்ளைக்குப் பெயர் மாற்றினால் ஜாதகம் மாறிவிடுமா?

சமாதானத்தில் பற்றுள்ள நண்பர் ஒருவர் என்னிடம், "இதெல்லாம் ஆயுத வியாபாரிகள் காட்டும் பூச்சாண்டி, நீர் போய் அவர்களுக்குத் தாளம் போடுகிறீரே!" என்றார். வியாபாரிகள் நாக்கைச் சப்புக் கொட்டிக் கொண்டு நிற்பது உண்மை. பயம் தறிகெட்டுப் போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். 2018 டிசம்பரில் லண்டனுக்குப் பக்கத்துக் காட்விக் நிலையத்தில் ட்ரோன் தெரிந்தது என்று சொல்லி, ஆயிரம் விமானங்கள் நின்று, 1,40,000 பயணிகள் தவித்தார்கள். போலீஸார் ஒரு நிரபராதித் தம்பதியைப் பிடித்து 36 மணி நேரம் அடைத்து வைத்து, பிற்பாடு நஷ்ட ஈடும் வழக்குச் செலவுமாக 2 லட்சம் பவுன் கொடுத்தார்கள். குற்றவாளி அகப்படவே இல்லை. ஆனால் இந்தக் கதை நண்பரின் கட்சிக்கு உதவுகிறதா, என் கட்சிக்கா? வானத்தில் என்ன இருக்கிறது என்று திடமாகச் சொல்லத் தெரியாதவர்கள்தான் தெருவில் போகிறவனைப் பிடித்து அடைக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிற வீட்டில் கூச்சல் குறைவு. கம்பத்தில் கட்டிய மைக்ரோபோன் எவனையும் கொல்லாது. யுத்தத்தை வெறுக்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கருவி அது என்று நான் அவருக்குச் சொன்னேன். அவர் ஒப்புக் கொள்ளவில்லை.

சுடுகிற அதிகாரம் யாருக்கு என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஜெர்மனியில் 2006-ல், கடத்தப்பட்ட பிரயாணி விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. உள்ளே இருக்கும் மனிதர்களை வெறும் பொருளாக்கக் கூடாது என்று கருதிய அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ட்ரோனுக்குள்ளே மனிதன் இல்லை, கீழேதான் இருக்கிறான். அந்தக் கீழே இருக்கிறவனைப் பற்றிப் பகலில், பாராளுமன்றத்தில், எல்லோரும் கேட்கத் தீர்மானிக்க வேண்டும். ருமேனியாவில் என்ன நடந்தது? ட்ரோனைச் சுடச் சட்டம் 2025-லேயே நிறைவேறிவிட்டது. நடைமுறை விதிகள் மட்டும் அப்போது பாக்கியாக இருந்தன. செப்டம்பர் 13-ம் தேதி ஒரு ட்ரோன் சுமார் 50 நிமிஷம் அந்த நாட்டு வானத்தில் திரிந்தது. இரண்டு எஃப்-16 பின்தொடர்ந்தன. சுட்டால் கீழே என்ன ஆகுமோ என்று விமானிகள் சுடாமல் விட்டார்கள். விமானிகளை நான் குறை சொல்ல மாட்டேன். மந்திரிகள் மாதக்கணக்கில் மேஜையில் வைத்திருந்த கேள்வியை, பறந்து கொண்டிருக்கிற ஒரு வாலிபன் ஒரு நிமிஷத்தில் தீர்க்கும்படி விட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

மாநாடு நடந்த நாட்களில் டென்மார்க்கைக் காக்க ஸ்வீடன் கருவி கொடுத்தது, ஜெர்மனி போர்க் கப்பல் அனுப்பியது, பிரான்ஸும் ஆள் அனுப்பியது. சாவிக் கொத்துச் சண்டையைக் கொஞ்சம் மறந்தால் எத்தனை சீக்கிரம் முடிகிறது, பார்த்தீர்களா! ட்ரோனை எப்படி எதிர்ப்பது என்று சொல்லிக் கொடுக்க இன்னொரு கோஷ்டியும் வந்தது. அவர்கள் உக்ரேனியர்கள். நேட்டோ வீட்டுப் பட்டியலிலும் பெயர் இல்லை, யூனியன் வீட்டுப் பட்டியலிலும் பெயர் இல்லை. மூன்றரை வருஷமாக இரண்டு திண்ணையிலும் உட்கார வைக்கப்பட்டவர்கள். உபாத்தியாயர்களாக வந்து இறங்கினார்கள். அவர்களுடைய வழிச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ப்ரஸ்ஸல்ஸில் யாராவது ஒரு குமாஸ்தா இந்நேரம் கோப்பைப் புரட்டிக் கொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.