ஆற்றில் அழிந்தது... வீட்டுத் தொட்டியில் பிழைத்தது! டெகீலா மீன் ஊர் திரும்பியது எப்படி?

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில், டெகீலா எரிமலைக்குப் பக்கத்தில் தெயுச்சிட்லான் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஆற்றில் 7 செ.மீ.கூட வளராத ஒரு மீன் இருந்தது. வாலில் ஆரஞ்சு நிறம் இருப்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பேர் 'காயீதோ', அதாவது குட்டிச் சேவல். உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது.

2003-வாக்கில் அந்த மீன் ஆற்றில் இருந்து மொத்தமாகக் காணாமல் போனது. ஆனால், இன்றைக்கு அதே ஆற்றில் மறுபடி நீந்திக்கொண்டிருக்கிறது. காரணம், பல ஆயிரம் கி.மீ. தாண்டி ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டியில் அதை வளர்த்து வந்த மீன் ஆர்வலர்கள்!

எப்படி அழிந்தது?

'டெகீலா ஸ்ப்ளிட்ஃபின்' என்பது இதன் ஆங்கிலப் பெயர். 'சூகோனெட்டிகஸ் டெகீலா' என்ற அறிவியல் பெயரே 1998-ல்தான் சூட்டப்பட்டது. தண்ணீர் மாசு, ஆற்றோரம் மனித நடமாட்டம், வெளியில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேற்று மீன்கள் என எல்லாம் சேர்ந்து இந்த இனத்தை ஒழித்துவிட்டன.

இது 'குடெய்ட்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டை போடாது, நேரடியாகக் குட்டி போடும். தாயின் வயிற்றில் தொப்புள்கொடி மாதிரி ஒரு நாடா வழியாகக் குட்டிகள் சத்து எடுத்துக்கொள்ளும். மீன்களில் இது ரொம்ப அபூர்வம். கண்ணைப் பறிக்கும் நிறம் இல்லாததால் கடைகளில் இதற்குப் பெரிய விலையும் இல்லை. இதன்மேல் பிரியம் வைத்த சிலர் மட்டும் விடாமல் வளர்த்து வந்தார்கள்.

5 ஜோடியில் தொடங்கிய திரும்பும் பயணம்

1998-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மீன் வளர்ப்பாளர் ஐவன் டிபிள், செஸ்டர் உயிரியல் பூங்காவில் இருந்து 5 ஜோடி மீன்களை மெக்சிகோவின் மிச்சோகான் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஓமர் டொமிங்கஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றைப் பல வருஷம் ஆய்வகத் தொட்டிகளில் பெருக்கினார்கள்.

சரி, நேராக ஆற்றில் விட்டிருக்கலாமே? முடியாது. வேளாவேளைக்குத் தீனி கிடைத்து வளர்ந்த மீனுக்கு இரை தேடத் தெரியாது, எதிரியைக் கண்டு ஒளியத் தெரியாது, ஒட்டுண்ணியைத் தாங்கும் சக்தியும் இருக்காது.

அதனால், 2012-ல் 40 ஆண், 40 பெண் மீன்களைத் திறந்தவெளிக் குளங்களில் விட்டார்கள். வெயில், மழை, பறவை, பாம்பு எல்லாவற்றோடும் அவை போராடிப் பிழைக்க வேண்டும். ஒருவகையில், காட்டு வாழ்க்கைக்கான பயிற்சிப் பள்ளி. சில வருஷத்தில் எண்ணிக்கை சுமார் 10,000-ஐத் தொட்டது!

இன்னொரு பக்கம், ஆற்றின் தண்ணீர்த் தரம், அதில் உள்ள நுண்ணுயிர்கள், மற்ற மீன்கள் எல்லாம் ஆராயப்பட்டன. ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்த மீனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்பிறகுதான் சுமார் 1,500 மீன்கள் ஆற்றில் விடப்பட்டன. முதல் 6 மாதத்திலேயே எண்ணிக்கை 55% கூடியது.

இதே ஆற்றில் அழிந்துபோன 'கோல்டன் ஸ்கிஃபியா' என்ற இன்னொரு மீனும் 2022 நவம்பரில் திரும்ப விடப்பட்டது. அதுவும் தொட்டிகளில் காப்பாற்றப்பட்ட இனம்தான்.

தொட்டியில் வளர்த்தாலே இனம் காப்பாற்றப்பட்டதாகிவிடுமா?

இல்லை. சென்னை கடைகளில்கூடக் கிடைக்கும் 'ரெட் டெயில் ஷார்க்' மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு ஏராளமாகப் பெருக்கப்படுகிறது. ஆனால், சொந்த நாடான தாய்லாந்தின் ஆறுகளில் அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடைத் தொட்டியில் எத்தனை இருந்தாலும் ஆற்றுக்குப் பிரயோஜனம் இல்லை. எந்த ஆற்று வம்சம், எதோடு எது கலந்தது என்ற கணக்கு இல்லாத மீனை நம்பி ஆற்றில் விட முடியாது.

நெறியோடு வளர்ப்பவர்கள் வேறுபடுவது இங்கேதான். 2004 முதல் இயங்கும் 'கேர்ஸ்' திட்டம், 2009-ல் தொடங்கிய குடெய்ட் பணிக்குழு போன்றவை இப்படிப்பட்ட ஆர்வலர்களை இணைக்கின்றன. இவர்களின் அடிப்படை விதிகள் எளிமையானவை:

1. எந்த இடத்து மீன், யாரிடம் இருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.
2. வேறு இனத்தோடும், வேறு இடத்து வம்சத்தோடும் கலக்கக் கூடாது.
3. அழகான நிறம், நீளமான வால் என்று தேர்ந்தெடுத்து இனத்தின் இயல்பை மாற்றக் கூடாது.
4. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் வம்சம் பலவீனமாகும். அதனால், மற்ற வளர்ப்பாளர்களோடு மீன்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும்.
5. மிக முக்கியமாக, தானாகக் கொண்டுபோய் ஆற்றில் விடக் கூடாது.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளா, கர்நாடகா ஆறுகளில் வாழும் 'மிஸ் கேரளா' மீன், உலகச் சந்தையில் 'டெனிசன் பார்ப்'. அன்றைய மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன் நினைவாக 1865-ல் வைக்கப்பட்ட பெயர் இது. உடம்பில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு ஓடும் இந்த அழகே அதற்கு ஆபத்தாக முடிந்தது. 2005 முதல் 2012 வரை, அழியும் நிலையில் உள்ள 30 வகை நன்னீர் மீன்கள் இந்தியாவில் இருந்து 15 லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதியானதாக ஓர் ஆய்வு சொன்னது. அதில் முக்கியமான மீன் இதுதான். செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறை இப்போது இருக்கிறது. பண்ணையில் பிறந்ததை மக்கள் கேட்டு வாங்கினால்தான் ஆற்றில் வலை வீசுவது குறையும்.

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பு ஒரு பெரிய தொழில். கைப்பக்குவம் உள்ளவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. நம்ம ஆற்று மீன்களின் வம்சத்தைக் காக்கவும் அந்த அனுபவம் உதவலாம். ஆனால், ஒரு மீனைப் பிடிக்கும் முன்போ வாங்கும் முன்போ, அது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் வளர்த்த மீன் பெருத்துவிட்டது என்று 'பாவம், பிழைக்கட்டும்' என ஏரியில் விடுபவர்கள் உண்டு. அப்படிப் போன 'சக்கர்' மீன் இன்றைக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி, உள்ளூர் மீன்களுக்கு எமனாகி நிற்கிறது. தெயுச்சிட்லான் ஆற்றில் குட்டிச் சேவலை ஒழித்ததிலும் இப்படி வெளியில் இருந்து வந்த மீன்களுக்குப் பங்கு உண்டு. வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலோ இன்னொரு வளர்ப்பாளரிடமோ கொடுத்துவிடுங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள்!