இன்ஜெக்டரை அப்படியே மாட்டாதீங்க மக்களே!

உசிலம்பட்டிப் பக்கம் டிராக்டர் கரும்புகை தள்ளினால் விவசாயி என்ன செய்வார்? நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் கைப்பம்பில் மாட்டி, தெளிப்பு சரியா, சொட்டுதா என்று பார்த்துத்தான் திருப்பித் தருவார்.

ஆனால் 1999ல் மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஐகான் 1.6ஐ ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருக்கும் இளவட்டங்கள்? மலிவாகக் கிடைத்த இன்ஜெக்டரை டப்பாவிலிருந்து எடுத்து நேரே மாட்டுகிறார்கள்! கேட்டால், "பெருசா போட்டா பவர் ஏறும்"னு பதில். சுத்தப் பேத்தல். சுமார் 90 குதிரைத்திறன் கொண்ட நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு, நிமிடத்துக்கு 150 சிசி தரும் இன்ஜெக்டரே போதும். இசியூவைத் தொடாமல் பெருசு போட்டால் பெட்ரோல்தான் காலியாகும், ஆயிலும் கெடும்.

சோதிப்பது பெரிய வித்தையா? மல்டிமீட்டரில் பழையது 12-16 ஓம் காட்டினால் புதியதும் அப்படியே காட்ட வேண்டும். 2-3 ஓம் ரகம் இசியூவையே சுட்டுவிடும். அடுத்து, டெஸ்ட் பெஞ்சில் 3 பார் அழுத்தத்தில் நாலையும் ஒன்றாக ஓடவிட்டு அளவு பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசமா? அந்த செட்டே வேண்டாம். குறைவாகத் தெளிக்கும் ஒன்றே ஒன்று போதும், அந்த சிலிண்டரின் பிஸ்டனை ஓட்டை போட. மூடிய நிலையில் சொட்டினாலும் தள்ளிவிடுங்கள். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ஓ ரிங்கையும் கையோடு மாற்றுங்கள்.

சென்னை ஆலையில் 2022லேயே கார் உற்பத்தி நின்றுவிட்டது. எஞ்சின் போனால் பழைய இரும்புக் கடைதான். டிராக்டர்காரருக்கு இருக்கும் நிதானம் கார்க்காரருக்கு வேண்டாமா?